பெட்டி பிரிக்காத துப்பாக்கியோடு தேர்வுக்குப் போகாதீர்கள்

டெக்சஸில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்கான லைசென்ஸுக்கு (எல்.டி.சி.) வைக்கும் சுடும் தேர்வு கஷ்டமானதில்லை. கணக்கைப் பார்த்தாலே புரியும். மொத்தம் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. பி-27 ஆளுருவ அட்டையில் 8-ஆம் வளையத்துக்குள் விழுந்தால் 5 புள்ளி, 7-ஆம் வளையத்தில் 4, அதற்கு வெளியே உருவத்துக்குள் எங்கே பட்டாலும் 3. முழு மதிப்பெண் 250, தேற 175. அந்த 8-ஆம் வளையமே ஏறத்தாழ ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். முதல் 40 தோட்டாவும் அதற்குள் போனால் 200 புள்ளி. 15 கஜத்தில் ஒன்றுகூடப் படாவிட்டாலும் பாஸ்.

இவ்வளவு எளிதான தேர்வில் ஆட்கள் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் குறி இல்லை. கையில் இருக்கும் கருவியும், அதோடு அவர்களுக்குப் பழக்கம் இல்லாததும்தான்.

கருவி விஷயத்தில் சட்டம் படிப்படியாகப் பிடியைத் தளர்த்திவிட்டது. 2013 வரை ரிவால்வரில் தேர்வு எழுதியவர் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் எடுத்துப் போக முடியாது. அந்தப் பிரிவு போனது. துப்பாக்கி குறைந்தது .32 காலிபர் (குழாயின் உள் விட்ட அளவு) இருக்க வேண்டும் என்ற விதியும் 2017-இல் போனது. இரண்டுமே நல்ல மாற்றம்தான். மூட்டுவாதத்தால் விரல் மடங்காத அறுபது வயதுப் பெண்மணிக்கு .22-தான் சரியான துப்பாக்கி என்றால் அதிலேயே தேறட்டும். ஆனால் இதையே குறுக்கு வழியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பயிற்சியாளரிடம் பெரிய .22 பிஸ்டலை இரவல் வாங்கித் தேறிவிட்டு, மறுநாளிலிருந்து ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்காத குட்டி 9 எம்.எம். துப்பாக்கியை இடுப்பில் வைப்பது சட்டப்படி சரி. ஆனால் அந்தத் தேர்வு அவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. எதை எடுத்துப் போகப் போகிறீர்களோ அதில் சுடுங்கள்.

அந்தக் குட்டிப் பிஸ்டல்களில்தான் சிக்கலே. பிடி சின்னது, உதை அதிகம். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு, அதாவது சுட்டதும் பின்னால் போய் வரும் மேல் பாகம், முழுதாகப் பின்னால் போகாது. காலி உறை வெளியேற முடியாமல் அது வெளியேறும் வாயிலேயே நெட்டுக்குத்தாக மாட்டிக்கொள்ளும். துப்பாக்கி சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். அதே துப்பாக்கியைப் பயிற்சியாளர் வாங்கிச் சுட்டால் பத்துத் தோட்டாவும் ஒழுங்காகப் போகும். இன்னொன்று, கட்டைவிரலை ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் நெம்புகோல் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருப்பது. கடைசித் தோட்டா போன பிறகும் ஸ்லைடு திறந்து நிற்காது. தோட்டா இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சுடுகிறவர் குனிந்து பார்ப்பார், குழாய் பக்கவாட்டில் திரும்பும்.

நேரக் கெடுவையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 3 கஜத்தில் தொடக்கமே ஒரு தோட்டாவுக்கு 2 விநாடி, ஐந்து தடவை. அடுத்து 3 விநாடியில் இரண்டு தோட்டா, ஐந்து தடவை. எந்தச் சுற்றிலும் ஐந்துக்கு மேல் இல்லை என்பதால் ஐந்து தோட்டா ரிவால்வர்கூடப் போதும். ஆனால் இரண்டு இரண்டாகச் சுடும்போது நான்கு போனதும் ஒன்று மிஞ்சும், அடுத்த கட்டளைக்கு முன் நிரப்பிவிட வேண்டும். ஒரே ஒரு மேகசின் (பிஸ்டலில் தோட்டா அடுக்கிச் செருகும் கூடு) கொண்டுவருபவர்களும் இங்கேதான் பதறுவார்கள். புது மேகசினின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், கடைசி இரண்டு தோட்டா கட்டைவிரலுக்கு அடங்காது. இரண்டு மேகசினும், தோட்டாவை அழுத்தி நிரப்ப உதவும் ஒரு பிளாஸ்டிக் லோடரும் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டா ஒரு பெட்டிக்கு 50. தேர்வுக்கும் சரியாக 50. அதனால் ஒரே பெட்டியோடு வருகிறார்கள். ஒன்று வெடிக்காமல் போனால்? இரண்டு பெட்டி எடுத்து வாருங்கள். பெட்டியில் உள்ள எழுத்தைக் குழாயில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள்: .380-ஐ 9 எம்.எம். ஷார்ட் என்றும் சொல்வார்கள், 9 எம்.எம். லூகர் வேறு, மகரோவ் வேறு. உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டினால் அந்தத் தோட்டாவை அனுமதிக்க மாட்டார்கள். சுடும்போது 'டப்' என்று அமுங்கிய சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழாய்க்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்த குண்டு குழாயைப் பிளந்துவிடும்.

உடையும் கருவிதான். கழுத்து இறங்கிய சுரிதார், டி-ஷர்ட் வேண்டாம். சுடச்சுடப் பறக்கும் பித்தளை உறை கழுத்துக்குள் விழுந்தால் கை தானாக அங்கே போகும், துப்பாக்கியும் கூடவே போகும். பக்கத்தில் நிற்பவருக்கு இதைவிட ஆபத்தான நொடி ரேஞ்சில் இல்லை.

வலது கைக்காரருக்குக் குண்டெல்லாம் இடது கீழே போகிறதென்றால் குறிமுள்ளைத் திருகாதீர்கள். உதை வருமுன்னே கை அதை எதிர்த்துத் தள்ளுகிறது. மேகசினில் நடுவே ஒரு டம்மி தோட்டாவை வேறொருவர் ஒளித்து வைக்கட்டும். அது வந்ததும் 'க்ளிக்' சத்தத்தோடு குழாய் முனை குப்பெனக் குனிவதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே காலித் துப்பாக்கியோடு, நீங்கள் இருக்கும் அறையிலேயே தோட்டா இல்லாமல், தினம் பத்து நிமிடம் ட்ரிகர் இழுத்துப் பழகினால் இது குறையும். தேர்வன்று காலையில் சொல்லிக்கொடுத்துத் தீர்க்கிற விஷயமில்லை.

2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்கள் பெரும்பாலோர் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். பிற மாநிலங்களும் இந்த லைசென்ஸை ஏற்பதற்கும் துப்பாக்கி வாங்கும்போதுள்ள வசதிக்கும்தான் இப்போது இந்தத் தேர்வுக்கு வருகிறார்கள். நம்மவர்களுக்கு ஒன்று: எச்-1பி விசாவில் இருப்பவர் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. விலக்குகள் உண்டு, வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வகுப்புப் பாடத்தை ஆன்லைனில் முடித்தவர்களுக்கு ரேஞ்சில் பயிற்சி ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம்தான். அதற்குள் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டவும் முடியாது, பயத்தைப் போக்கவும் முடியாது. அதனால் சுடும் கோட்டுக்கு விடுமுன் பயிற்சியாளர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். மேகசினில் ஐந்து நிரப்பு, போடு, எடு, ஸ்லைடை இழுத்து நிறுத்து, துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கும் அறை காலி என்று காட்டு. யாரும் கை கொடுக்காமல் இதைச் செய்ய முடியாதவரைச் சுட விடாதீர்கள். கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளாமல் வேறு தேதி கொடுத்து அனுப்புங்கள்.