75 சதவீதக் காய்ச்சல்

"மேம், எனக்கு அட்டென்டன்ஸ் 76 தான் இருக்கு. இன்னைக்கு லீவு போட்டா 75க்குக் கீழ போயிடும்."

போன மாசம் ஒரு மழை நாள், முதல் பீரியட்ல ஒரு பையன் சொன்னது இது. உடுமலைக்காரன். கண்ணு ரெண்டும் செவந்து, ஹாஸ்டல் போர்வையைச் சுத்திக்கிட்டு கடைசி பெஞ்சுல நடுங்கிட்டு இருந்தான். பக்கத்துல இருந்த மலையாளி ரூம்மேட் எந்திரிச்சு, "மிஸ்ஸே, அவனு நல்ல பனியாணு"ன்னான். (கோவையில இருந்து இங்க கேரளாக் காலேஜுக்கு வேலைக்கு வந்த புதுசுல, ஜூலை மாசம் ஏதுடா பனின்னு ஜன்னலைப் பார்த்தவ நான். வாளையாறு தாண்டிட்டா பனின்னா காய்ச்சல்.)

"மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிட்டு வா, பார்த்துக்கலாம்"னேன். சொன்னது நான்தான், அதை முதல்லயே ஒத்துக்கிறேன்.

அந்த ஒத்தைக் காகிதத்துக்காக அவன் கூட்டத்தோட பஸ்ல போய், ஓபி வரிசையில மூணு மணி நேரம் இருமிக்கிட்டு நின்னுட்டு வந்தான். 2009ல பன்றிக் காய்ச்சல் வந்தப்பவே மத்திய அரசு நோயாளிகளை ஏ, பி, சின்னு பிரிச்சு வழிமுறை கொடுத்திருக்கு. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலின்னா ஏ. டெஸ்ட் வேண்டாம், யாரோடயும் கலக்காம வீட்டுல படுத்திருந்தாப் போதும். வயசானவங்க, கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் இருக்கிறவங்கன்னா பி. அவங்களுக்கு ஓசல்டமிவிர்ங்கிற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை, அதையும் 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரை மயக்கம்னா சி, உடனே ஆஸ்பத்திரி. இதுல எந்த வகையிலயும் சர்டிபிகேட் இல்ல.

எங்க ஹாஸ்டலைப் பார்த்தவங்களுக்கு மீதி புரியும். ரூமுக்கு நாலு கட்டில். பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல சாரல் உள்ள அடிக்கும்னு ஜன்னலை ஜூன்லயே சாத்தியாச்சு. காயாத ஜீன்ஸ் நாலு கொடியில தொங்கும், ஒரே சொம்புல நாலு பேர் தண்ணி குடிப்பாங்க. இந்த ஃப்ளூ காய்ச்சல் தொத்தி ஒண்ணுல இருந்து நாலு நாளுக்குள்ள தலைகாட்டும். தலைகாட்டுறதுக்கு ஒரு நாள் முன்னாடியே அடுத்தவனுக்குப் பரவ ஆரம்பிச்சிடும். அந்த வார வெள்ளிக்கிழமை என் வகுப்புல 54 பேர்ல 19 பேர் இல்ல. வந்தவங்கள்லயும் பாதிப் பேர் டோலோ போட்டுட்டு வந்தவங்க. டோலோ உடம்புச் சூட்டைத்தான் இறக்கும், பரவுறதை நிறுத்தாது. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காம இருந்தாத்தான் வகுப்புக்கு வரணும்.

ஒரு பையன் ஊர்ல இருந்து அசித்ரோமைசின் அட்டை கொண்டு வந்து ஆளுக்கு ரெண்டு கொடுத்துட்டு இருந்தான். ஃப்ளூ வைரஸ், ஆன்டிபயாடிக் கொல்றது பாக்டீரியாவை. எச்3என்2 வகை ஃப்ளூ பரவின 2023 மார்ச்லயே இந்திய மருத்துவ சங்கம் இதைச் சொல்லி எச்சரிச்சாங்க. நல்ல மனசுல கொடுக்கிறவன்கிட்ட எப்படிச் சண்டை போடுறது? வாங்கி பையில போட்டுக்கிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் சர்க்குலர் வந்துச்சு. அஞ்சு மணிக்குள்ள ஹாஸ்டலைக் காலி பண்ணணும், வகுப்பு எல்லாம் ஆன்லைன்.

என் கோபமெல்லாம் இதுமேலதான். அதுவரைக்கும் நடுங்கிக்கிட்டாவது வகுப்புக்கு வான்னு சொன்ன அதே ஆபீஸ், ரெண்டு மணி நேரத்துல மூட்டையைக் கட்டுங்குது. அன்னைக்கு சாயங்காலம் கோவை உக்கடம் போற பஸ்ல நானும் இருந்தேன். மழைக்கு ஷட்டரை இறக்கியாச்சு, நிக்க இடமில்ல, பஸ் முழுக்க இருமல். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம்னு ஒவ்வொரு வீட்டுக்கும் பார்சல் போகுது. 2021ல இதே வாளையாறுல கொரோனாவுக்கு ஆர்டிபிசிஆர் டெஸ்ட் ரிசல்ட் இருக்கான்னு கேட்டு நிறுத்தினாங்க. நாலஞ்சு வருஷத்துல எல்லாருக்கும் மறந்துபோச்சு.

ஊருக்குப் போக வழியில்லாம ஏழு பேர் தங்கிட்டாங்க. அஸ்ஸாம், ஒடிசாப் பசங்க. அதுல ரெண்டு பேருக்குக் காய்ச்சல். வார்டன் அவங்களை மட்டும் மாடியில தனித்தனி ரூம்ல விட்டு ஜன்னலைத் திறந்து வெச்சார். மெஸ் சேச்சி வேளைக்கு ஒரு தூக்கு பொடியரிக் கஞ்சியும் சுட்ட பப்படமும் கதவுக்கு வெளிய வெச்சுட்டு, "மோனே, கஞ்சி"ன்னு குரல் கொடுத்துட்டு இறங்கிடும். ஒரு தெர்மாமீட்டர், விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் ஒண்ணு. வேற எதுவும் இல்ல. ஆறாம் நாள் ரெண்டு பேரும் கீழ வந்து கேரம் ஆடுறாங்க, மீதி அஞ்சு பேருக்கும் ஒண்ணும் வரலை. காலி ஹாஸ்டல்ல இது சுலபம்தான், ஒத்துக்கிறேன். ஆனா முதல் வாரமே ஒரு மாடியை ஒதுக்கி, "உடம்பு சரியில்ல"ன்னு ஒரு வாட்ஸ்அப் போட்டாலே வருகை போடுறோம்னு சொல்லியிருந்தா எத்தனை பேர் தப்பிச்சிருப்பாங்க? ரெண்டு பேர் பொய் சொல்லிட்டுத் தூங்குவாங்கதான். தூங்கட்டுமே.

உடுமலைப் பையன் நாலாம் நாள் ராத்திரி மெசேஜ் பண்ணினான். "மேம், பாட்டிக்கு மூச்சு வாங்குது." சர்க்கரை இருக்கிற பாட்டி. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. கூட இருந்தது அவன்தான். அந்த அஞ்சு நாளும் ஆன்லைன் வகுப்புல அட்டென்டன்ஸ் எடுத்தோம்.

இப்ப அவனுக்கு 71. விலக்கு கேக்கிற ஃபாரத்துல மாணவரோட மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும்தான் செல்லுமாம். பாட்டியோடது செல்லாதாம். 75க்குக் கீழ இருக்கிறவங்க பட்டியலை நான் திங்கட்கிழமையே கொடுத்திருக்கணும். இன்னைக்கு வியாழன். பேக்லதான் இருக்கு.