ஜீயஸ் காசில் இருக்கலாம், கும்பிடத்தான் கூடாது

கிரேக்க நாட்டின் 2 யூரோ காசில், காளை உருவெடுத்த பழைய கிரேக்கக் கடவுள் ஜீயஸ், யூரோப்பா என்ற இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிறார். ஒலிம்பிக் சுடரை ஏற்றுவதற்கு ஒலிம்பியாவில், ஹீரா தேவியின் கோவில் இடிபாடுகளுக்கு முன்னால், பூசாரிணி வேடமிட்ட நடிகை சூரியக் கடவுள் அப்போலோவை வேண்டுகிறார். உலகமே பார்க்கிறது. ஆனால் அதே அப்போலோவை உண்மையாகவே நம்பும் ஒருவர் பழைய கோவிலில் தூபம் போடக் கேட்டால், இது தொல்லியல் சின்னம், கூடாது என்கிறது அரசு. நடிப்பவருக்கு அனுமதி, நம்புகிறவருக்குத் தடை!

2007 ஜனவரியில் ஏதென்ஸில், இந்தப் பழைய தெய்வங்களை இன்றும் வணங்கும் ஒரு குழுவினர் கலாச்சார அமைச்சகத்தின் தடையையும் மீறி ஒலிம்பிய ஜீயஸ் கோவிலில் வழிபாடு நடத்தினார்கள். 2017இல் இந்த மதத்துக்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. வழிபடும் உரிமையில் நான் அவர்கள் பக்கம்தான். பழைய மதம் தானாக ஓய்ந்து போகவில்லை. கி.பி. 391-392இல் கிறித்தவரான ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பலியையும் கோவில் வழிபாட்டையும் சட்டம் போட்டுத் தடுத்தார். ஏதென்ஸின் பார்த்தினன் கோவில் பிறகு தேவாலயமானது. அந்தக் கோபம் நியாயமானது.

என் சண்டை வேறு. இவர்களில் சிலர், நிஜமான கிரேக்கன் இந்தத் தெய்வங்களைத்தான் வணங்குவான், கிறித்தவம் வந்தேறி என்கிறார்கள். சரி, கிரேக்க ஊர்களான கொரிந்துக்கும் தெசலோனிக்காவுக்கும் இயேசுவின் தூதர் பவுல் கடிதம் எழுதியதே கிரேக்க மொழியில்தானே? இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அது அந்நியமா? அப்புறம், பழைய காலத்தில் நாடு முழுவதற்கும் ஒரே மதம் என்று ஒன்று இருந்ததில்லை. ஊருக்கொரு சடங்கு, ஊருக்கொரு திருவிழா. வழிபாட்டின் மையமே விலங்குப் பலி: தொடையெலும்பும் கொழுப்பும் தெய்வத்துக்கு நெருப்பில், இறைச்சி ஊருக்கு. இன்று பெரும்பாலும் ஒயினும் பழமும் சாம்பிராணியும்தான். மாறட்டும், தப்பே இல்லை. ஆனால் இவ்வளவு மாறிய பிறகு, அடுத்தவனைப் பார்த்து நீ அசல் இல்லை என்று சொல்வதுதான் இடிக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நிஜமான கிரேக்கன் யார் என்ற இந்தப் பேச்சு, கிரேக்கத்தின் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவத் திருச்சபையிடமிருந்தே வந்ததுதான். 2000இல் அடையாள அட்டையிலிருந்து மதத்தை அரசு நீக்கியபோது, கிரேக்கன் என்றாலே ஆர்த்தடாக்ஸ்தான் என்று சொல்லி லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கியது திருச்சபை. எதிரெதிர்க் கட்சிகள், ஒரே கோஷம்.

வழிபாட்டுக்கு ஆண்டில் ஒரு நாள் அந்த ஒலிம்பிய ஜீயஸ் கோவிலைத் திறந்துவிடலாம். அங்கே ஒரு தூண் 1852இல் புயலில் விழுந்தது. சாம்பிராணிப் புகைக்கு எந்தத் தூணும் விழாது.