கட்டி சாதாதான், ஆனால் வீடு பந்தலூரில் இருக்கிறது

வயிறு வலி, பித்தப்பைக் கல், மாதவிடாய்க் கோளாறு என்று எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய், சம்பந்தமே இல்லாமல் "சிறுநீரகத்தில் ஒரு கட்டி" என்ற ரிப்போர்ட்டோடு வீடு திரும்புகிறவர்களை இப்போதெல்லாம் நம் நீலகிரி மலையில் அடிக்கடி பார்க்கிறேன். ஸ்கேன் எடுப்பது கூடிவிட்டது, அதனால் கண்ணில் படுவதும் கூடிவிட்டது. முன்பெல்லாம் யாருக்கும் தெரியாமல் உடம்போடு வாழ்ந்து உடம்போடு போன கட்டிகள் இவை. நான் குன்னூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற ஆள், மருத்துவர் இல்லை. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்க வருகிறவர்கள் கையை நீட்டும்போதே மொத்தக் கதையையும் சொல்லிவிடுவார்கள். அந்த வகையில் கொஞ்சம் கேள்வி ஞானம் உண்டு. வீட்டிலேயே ஒருத்திக்கு வந்த பிறகு கொஞ்சம் படிக்கவும் செய்தேன்.

இந்தக் கதைகள் பெரும்பாலும் இரண்டு மாதிரி முடியும். ஒன்று, ரிப்போர்ட்டைப் பார்த்த அன்றே கேன்சர் என்று முடிவு கட்டி, குலதெய்வத்துக்கு முடிந்து வைத்து, நிலத்தை விற்க ஆள் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொன்று, "சாதாக் கட்டியாம், ஒண்ணும் பண்ண வேண்டாமாம்" என்று பைலை பீரோவுக்கு மேலே போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். முதல் கூட்டத்தின் பயம் எப்படியும் நாலு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய் உண்மையைத் தெரிய வைத்துவிடும். எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் கவலை. அதுவும் அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூரமான கூடலூர், பந்தலூர், மஞ்சூர் பக்கம் இருப்பவர்களாக இருந்தால்.

முதலில் நீர்க்கட்டியை ஒதுக்கிவிடலாம். இந்தப் பேரைக் கேட்டதும் பெண்கள் பலர் சினைப்பை நீர்க்கட்டியோடு குழப்பிக்கொள்கிறார்கள், இது வேறு. வயதாக ஆக சிறுநீரகத்தில் மெல்லிய தோலோடு, உள்ளே வெறும் நீரோடு வரும் பை. இதைத் தரம் பிரிக்க பாஸ்னியாக் என்ற அமெரிக்க கதிரியக்க மருத்துவர் 1986-ல் ஒரு முறை கொண்டு வந்தார், 2019-ல் அதைப் புதுப்பித்தார்கள். ரிப்போர்ட்டில் பாஸ்னியாக் ஒன்று, இரண்டு என்று இருந்தால் தொடர் ஸ்கேன்கூட வேண்டாம். 'இரண்டு எஃப்' என்றால் விட்டு விட்டுப் பார்க்க வேண்டும். மூன்று, நான்கு என்றால் யூராலஜிஸ்டை, அதாவது சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

திடமான கட்டிதான் சிக்கல். அதில் பெரும்பான்மை புற்றுநோய்தான், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் 4 செ.மீ-க்கு உட்பட்டு, புற்றுநோய் என்று நினைத்து அறுத்து எடுத்த கட்டிகளிலேயே ஐந்தில் ஒன்று போல சாதாக் கட்டியாக, அதாவது புற்றுநோய் இல்லாத கட்டியாக முடிகிறது. அந்தச் சாதாக் கட்டிகளில் இரண்டு பெயர்கள் முக்கியம்: ஆன்கோசைட்டோமா, ஆஞ்சியோமயோலிபோமா.

ஆன்கோசைட்டோமா கொஞ்சம் ஏமாற்றுக்காரக் கட்டி. தானாக எதுவும் செய்யாது, ஆனால் ஸ்கேனில் புற்றுநோய் மாதிரியே தெரியும். நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு தழும்பு தெரியும் என்பார்கள், அது எல்லாருக்கும் தெரிவதில்லை, சில புற்றுநோய்களிலும் தெரியும். அதனால் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க (பயாப்ஸி) வேண்டி வரலாம். உடனே "ஊசி குத்தினா பரவிடும்" என்று யாராவது பெரியவர் தடுப்பார். சிறுநீரகக் கட்டியில் ஊசி போன வழியில் புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் பயாப்ஸியைத் தவிர்த்து, ஆபத்தில்லாத கட்டிக்காக ஒரு முழு சிறுநீரகத்தை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அந்தப் பெரியவரிடம் கேட்க வேண்டும். பயாப்ஸியும் சில சமயம் தெளிவான பதில் தராது என்பது உண்மைதான். அப்போது கட்டியின் வளர்ச்சியைப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார்.

இந்தப் பதிவே ஆஞ்சியோமயோலிபோமாவைப் பற்றித்தான். ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்த கட்டி. பெண்களுக்குத்தான் அதிகம். வயிற்று ஸ்கேனில் வெள்ளை வெளேரென்று ஒரு புள்ளியாகத் தெரியும். ஆனால் சில சின்னப் புற்றுநோய்களும் அப்படியே வெள்ளையாகத் தெரியும் என்பதால், சாதா ஸ்கேனோடு நிறுத்தாமல் ஒரு முறையாவது சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்து உறுதி செய்துகொள்வது நல்லது. சிடி-யில் கொழுப்பைக் கண்டுபிடித்துவிடலாம். நீரின் அடர்த்தியைச் சுழியம் என்று வைத்தால், கொழுப்பு மைனஸ் 10-க்கும் கீழே போய்விடும். கட்டிக்குள் அப்படி ஒரு திட்டு தெரிந்தால் அநேகமாக விஷயம் முடிந்தது, பயாப்ஸிகூட வேண்டியதில்லை. கொழுப்பு குறைவான வகை ஒன்று உண்டு, அதில்தான் குழப்பம் வரும்.

புற்றுநோய் இல்லை என்று தெரிந்தாயிற்று, அப்புறம் என்ன கவலை? இதில் உள்ள ரத்தக்குழாய்கள் ஒழுங்காக உருவானவை அல்ல. சுவர் பலவீனம், அங்கங்கே பலூன் மாதிரி உப்பும். கட்டி பெரிதானால், உப்பலும் பெரிதானால், ஒரு நாள் வெடித்து சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கொட்டலாம். இதை வுண்டர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1856-லேயே எழுதி வைத்திருக்கிறார், அவர் பேரில்தான் இந்த நிலையைச் சொல்கிறார்கள். திடீரென்று இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் தாங்க முடியாத வலி, தலைசுற்றல், வெளிறிப்போதல், சிலருக்குச் சிறுநீரில் ரத்தம். மணிக்கணக்கில் தாமதிக்கக்கூடிய விஷயம் இல்லை.

எல்லாக் கட்டியும் வெடிக்காது, பெரும்பாலானவை வெடிக்கவே வெடிக்காது. 4 செ.மீ-க்கு மேல் போனால் சிகிச்சை வேண்டும் என்ற எல்லை 1980-களின் ஆய்வுகளில் இருந்து வந்தது. அதைத் தாண்டியும் பல வருஷம் சும்மா இருக்கிற கட்டிகள் நிறைய என்பதால் இப்போது பல மருத்துவர்கள் அந்த எண்ணை மட்டும் வைத்துக் கத்தி எடுப்பதில்லை. உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் உப்பல் 5 மி.மீ-க்கு மேலே இருக்கிறதா, நோயாளி பிள்ளை பெறும் வயதுப் பெண்ணா, கர்ப்பமாக இருக்கிறாளா (கர்ப்பத்தில் வெடிக்கும் ஆபத்து கூடும்), வலி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டியில் இதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: தொடர்ந்து பார்க்க வர முடியாதவர்கள், அவசர சிகிச்சை எளிதில் கிடைக்காதவர்கள். அதைப் படித்தபோது, பந்தலூரை நினைத்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றியது.

என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தது பந்தலூரில். அவளுக்கு இருந்தது 4.6 செ.மீ கட்டி, உள்ளே ஒரு உப்பலும். குழந்தைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். முதலில் பார்த்த ஒரு மருத்துவர் கிட்னியையே எடுத்துவிடலாம் என்றார். "ஒரு கிட்னி போதும்னு தானே எல்லாரும் தானமே பண்றாங்க" என்று அத்தைகூட மனசைத் தேற்றிக்கொண்டார். எனக்கு ஒப்பவில்லை. தானம் கொடுக்கிறவர் இன்னொருவர் உயிருக்காகக் கொடுக்கிறார், இங்கே எதற்கு? முப்பது வயதுகூட ஆகவில்லை, பிள்ளை பெற வேண்டும், நாளைக்குச் சர்க்கரையோ பிரஷரோ வந்தால் தாங்குவதற்குக் கையிருப்பு வேண்டும். இந்தக் கட்டி அடுத்த சிறுநீரகத்திலும் வரக்கூடும். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் இப்போது முதலில் யோசிக்கப்படும் அறுவை சிகிச்சை. அதற்கும் முன்னால் கத்தியே இல்லாத ஒரு வழி இருக்கிறது, எம்போலைசேஷன். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் போகும் கிளையை மட்டும் அடைத்துவிடுவது.

அடுத்துப் பார்த்த மருத்துவர் அதைத்தான் சொன்னார். ஆனால் கோவை போக வேண்டும். அப்போது அவள் கேட்டாள்: "அண்ணி, கேன்சர் இல்லேன்னு சொல்லியாச்சு. வலியும் இல்ல. அப்புறம் எதுக்கு அண்ணி அவ்ளோ தூரம் போய்க் குழாய் விடணும்?"

நியாயமான கேள்வி. அவள் கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தால், குழந்தை ஆசையும் இல்லை என்றால், நானும் "பொறுத்துப் பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் இருக்கிற இடத்தில் ராத்திரி பத்து மணிக்கு வலி வந்தால் என்ன நடக்கும்? பந்தலூரில் இருந்து கூடலூர். கூடலூரில் இருந்து ஊட்டி 50 கிலோமீட்டர் போல, அங்கிருந்து கோவைக்கு மேட்டுப்பாளையம் வழியாக இன்னும் 85-க்கு மேல், அதில் குன்னூருக்குக் கீழே அந்தக் கொண்டை ஊசி வளைவுகள். மைசூர் பக்கம் திரும்பினால் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனத் தடை. ஆம்புலன்ஸை விடுவார்கள், ஆனால் எல்லாரும் ஆம்புலன்ஸிலா கிளம்புகிறார்கள்? நாடுகாணி இறங்கி, கேரளாவில் பெரிந்தல்மண்ணா ஆஸ்பத்திரிகளுக்குப் போவதுதான் அந்தப் பக்கத்து ஜனங்களின் வழக்கம், ஆடி மாதத்தில் அந்த மலைப்பாதையின் நிலைமை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். மண் சரிந்தால் அன்றைக்கு யாருக்கும் வழி இல்லை. நடுவில் யானை நின்றால் அதுவாகப் போகிற வரை வண்டி நிற்க வேண்டியதுதான்.

அதே 4.6 செ.மீ கட்டி கோவையில் ஒரு கணக்கு, பந்தலூரில் வேறு கணக்கு. மருத்துவர் நம் ஊர்ப் பேரைக் கேட்காமலே "ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னால், நாமாக முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்: வீடு எங்கே, பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம், மழையில் என்ன ஆகும். இதைச் சொல்ல நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள், எஸ்டேட்டில் இருக்கிறோம் என்று சொன்னால் குறைவாக நினைப்பார்கள் என்று. சொல்லுங்கள், அது மருத்துவத் தகவல். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் உங்கள் கட்டியில் ரத்தம் கசிந்தால் அடைக்கிற வசதி எந்த ஆஸ்பத்திரியில், எந்த நேரத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிய எழுதி வைக்க வேண்டும்.

எம்போலைசேஷன் முடிந்து அவளுக்குச் சில நாள் காய்ச்சலும் இடுப்பு வலியும் இருந்தது. அப்படி வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. கட்டி உடனே மறையாது, மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும், உள்ளே இருக்கும் கொழுப்பு அப்படியே இருந்துவிடலாம். அடைத்த குழாய்க்குப் பக்கத்தில் புதிதாகக் குழாய் முளைக்கவும் வாய்ப்புண்டு என்பதால் தொடர்ந்து பார்க்கத்தான் வேண்டும். பணத்துக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. இந்தச் சிகிச்சை அந்த ஆஸ்பத்திரியில் அதன் கீழ் வருகிறதா என்று அட்மிட் ஆவதற்கு முன்பே கவுண்டரில் கேளுங்கள், பிறகு கேட்டால் தலைவலி.

சின்னக் கட்டி உள்ளவர்களுக்கு, அதாவது பெரும்பாலானவர்களுக்கு, இவ்வளவு ஓட்டம் தேவையில்லை. மருத்துவர் சொன்ன இடைவெளியில் சாதா ஸ்கேன் போதும், ஒவ்வொரு முறையும் சிடி எடுத்துக் கதிர்வீச்சு வாங்க வேண்டாம். முடிந்தால் ஒரே இடத்தில் எடுங்கள். ஆள் மாறினால் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும், அதை வளர்ச்சி என்று நினைத்து ராத்திரி தூங்காமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய படங்களைப் பத்திரமாக வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடித்துவிடும், போனில் ஒரு பிரதி எடுத்து வைத்தால் நல்லது. பந்தலூர், தேவாலா பக்கம் என்றால் வருஷாந்திர ஸ்கேனை மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், ஜூனில் மழை இறங்கிவிட்டால் ஆகஸ்ட் வரை தள்ளிப்போகும்.

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம் எல்லாம் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம். கட்டிக்கு அதில் வேலை இல்லை. குடித்துக்கொண்டே ஸ்கேனுக்கும் போனால் எனக்குச் சண்டை இல்லை, குடிப்பதால் ஸ்கேனை நிறுத்தினால்தான் சண்டை. இலை பறிக்கும் உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்குகிற வலி மாத்திரையைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். சிறுநீரகத்துக்கு இந்தக் கட்டிகளைவிட அது செய்யும் கெடுதல் அதிகம்.

இன்னொரு விஷயம். இரண்டு சிறுநீரகத்திலும் நிறைய கட்டிகள், சின்ன வயதில் வலிப்பு, முகத்தில் மூக்கை ஒட்டிப் பரு மாதிரி நிரந்தரமான சிவப்புப் புடைப்புகள், உடம்பில் இலை வடிவ வெளுத்த திட்டுகள் இவையெல்லாம் சேர்ந்து இருந்தால், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கட்டியைச் சுருக்க எவெரோலிமஸ் என்ற மாத்திரை இருக்கிறது. குடும்பத்தில் மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டி வரும்.

நாத்தனார் இப்போது நன்றாக இருக்கிறாள். உண்டானால் மகப்பேறு மருத்துவரிடம் முதல் நாளே பைலைக் காட்ட வேண்டும், கடைசி மாதங்களில் மலையில் இருக்கக் கூடாது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லாமல் கோயம்புத்தூரில் வாடகை வீட்டிலா என்று அத்தைக்கு ஒரே ஆத்திரம். வீடு பார்க்கிற வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். காந்திபுரம் பக்கம் மூன்று மாதத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அவள் இன்னும் உண்டாகவே இல்லை என்பது வேறு விஷயம்.