ஆமாம், யாரோ போட்ட கோட்டுதான்

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பழைய கருநீலக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு நான் இங்கே போட்ட போட்டோவும் அதற்குக் கீழே ஓடிய பேச்சும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்க்ரீன்ஷாட்டும் ஊரெல்லாம் சுற்றியாகிவிட்டது. அதனால் கதையை முதலில் இருந்து சொல்லப்போவதில்லை. "யாரோ கழற்றிப் போட்ட கோட்டை மாட்டிக்கிட்டு ஸ்டைலாம்" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என் வீட்டுக்கு வந்துபோகிறவர்களும் இருந்தார்கள். அந்த வரியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஆமாம், யாரோ போட்ட கோட்டுதான். மறைக்கவே இல்லையே. போட்டோவோடு நானே எழுதியிருந்தேன், பழைய துணிக் குவியலில் கிடைத்தது என்று. புதுசு வாங்க முடியாததால் எடுத்ததில்லை அது. கருநீலத்துக்குப் பழசுதான் பொருந்தும் என்று நம்பித்தான் எடுத்தேன்.

புதுக் கருநீலம் விறைப்பாக இருக்கும். அந்த நிறத்தின் பிறப்பு அப்படி. 1748இல் பிரிட்டிஷ் கடற்படை தன் அதிகாரிகளுக்குக் கருநீலச் சீருடை கொண்டுவந்தது, அதிலிருந்துதான் நேவி ப்ளூ என்ற பெயரே. அன்றிலிருந்து பள்ளி, விமானம், அலுவலகம் என்று எங்கெல்லாம் ஒழுங்கு வேண்டுமோ அங்கெல்லாம் இந்த நிறம் போய் உட்கார்ந்துகொண்டது. கோட்டும் புதுசு, பேன்ட்டும் புதுசு, ஷூவும் புதுசு என்று போட்டுப் பாருங்கள், நேர்காணலுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருக்கும். கூடவே பழசு ஒன்று சேர்ந்தால்தான் அந்த விறைப்பு தளரும். தேய்ந்த பெல்ட்டாக இருக்கலாம், வெளுத்த ஜீன்ஸாக இருக்கலாம்.

அன்று கோட்டுக்குள் நான் போட்டிருந்த கோடு போட்ட டி-ஷர்ட்டும் பழசுதான். 1858இல் பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளுக்குச் சீருடையாக்கிய கோடு போட்ட பனியனின் வழிவந்த மாதிரி அது. அதிகாரிகளின் நிறத்துக்குள்ளே மாலுமியின் பனியன். எவ்வளவு யோசித்துச் சேர்த்தேன் தெரியுமா? அதைத்தான் ஒருவர் "கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறாள்" என்றார்.

"நீலத்தோடு நீலம் போடக் கூடாது" என்று இன்னொருவர். கோட்டும் ஜீன்ஸும் ஏறக்குறைய ஒரே கருநீலமாக இருந்தால் அவர் சொல்வது சரி, ஜோடி சேர்க்கப்போய்த் தவறிய மாதிரிதான் தெரியும். ஒன்று நன்றாக வெளுத்திருந்தால் அந்தப் பேச்சே இல்லை. ஜீன்ஸில் இண்டிகோ என்ற நீலச் சாயம் நூலின் நடுவரை இறங்காது, மேலாகத்தான் பிடித்திருக்கும். உரச உரச உள்ளே இருக்கும் வெள்ளை வெளியே வரும். முட்டியில், பாக்கெட் ஓரத்தில், உட்காரும்போது தொடையில் விழும் மடிப்பில் என்று போட்டவரின் உடம்பு வளைந்த இடமெல்லாம் வெளுக்கும். தொழிற்சாலையில் லேசர் வைத்து வெளுக்க வைப்பதும் இதே தோற்றத்துக்குத்தான். அதைக் காசு கொடுத்து வாங்கினால் ஃபேஷன், உண்மையிலேயே ஒருவர் போட்டுத் தேய்த்ததை வாங்கினால் கேவலமா?

சுத்தம் பற்றிக் கேட்டவர்களுக்கு: துவைத்துத்தான் போடுகிறேன். உல்லன் என்றால் டிரை கிளீனிங் போய்விட்டுத்தான் அலமாரிக்குள் நுழையும். ஹோட்டலில் நீங்கள் போர்த்திக்கொள்ளும் போர்வையும் நேற்று வேறொருவர் போர்த்தியதுதான். சாயம் போகும் என்றும் ஒருவர் பயமுறுத்தினார். வெள்ளைச் சட்டைக் காலரில் சாயத்தை ஒட்டவைப்பது பெரும்பாலும் புதுக் கருநீலம். பழசு விடவேண்டிய சாயத்தை எப்போதோ விட்டிருக்கும்.

வசதி உள்ளவர்களும் பழசு வாங்கக் கிளம்பினால் இல்லாதவர்களுக்கு விலை ஏறாதா என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. போடப்போவதை மட்டும் வாங்குகிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்த வரி உண்மையில் குத்தியது வேறு இடத்தில். பள்ளியில் என் கருநீல ஸ்கர்ட் அக்கா போட்டு முடித்தது. நான் வளர வளர அம்மா கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவார். மேலெல்லாம் வெளுத்திருக்கும், மடிப்புக்குள் இத்தனை வருஷம் வெயில் படாமல் இருந்த துணி மட்டும் பளிச்சென்று கருநீலமாக ஒரு பட்டையாகத் தெரியும். நடுவில் பழைய மடிப்பின் வெள்ளைக் கோடு வேறு. எத்தனை கோடு என்று பெஞ்சில் இருந்தவர்கள் எண்ணுவார்கள். பையை முன்னால் தொங்கவிட்டு அதை மறைத்துக்கொண்டே நடந்திருக்கிறேன். இன்று பழைய ஜீன்ஸ் எடுக்கும்போது மடிப்பு இறக்கிய அந்தப் பட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அது எனக்கு அழகாகத் தெரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதை ஒரு வரியில் பழையபடி அந்த பெஞ்சுக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று இன்பாக்ஸில் அன்பாகக் கேட்டவர்களுக்கு: கடை விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். தோள்பட்டை சரியாக உட்காரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கை நீளத்தையும் இடுப்பையும் தையல்காரர் சரிசெய்துவிடுவார், தோள் பெரிய வேலை. அக்குள் தையலைப் பாருங்கள், முழங்கை பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடப் போட வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, காக்கி, பழுப்பு லெதர், எல்லாம் ஒத்துப்போகும்.

அந்தக் கோட்டின் உள்பாக்கெட் ஓரத்தில் யாரோ கையால் தைத்திருக்கிறார்கள். லைனிங் நிறத்தில் நூல் கிடைக்கவில்லை போல, சாம்பல் நூல். சின்னச் சின்னத் தையல், ஒரே சீராக, முடிவில் இரண்டு முடிச்சு. முன்பக்க மூன்று பட்டனில் இரண்டு பித்தளை, கடைசி ஒன்று மட்டும் பழுப்பு. எங்கேயோ விழுந்து, தேடி, கிடைக்காமல், வீட்டில் இருந்ததை வைத்துத் தைத்திருப்பார்கள். இந்தக் கோட்டைக் காப்பாற்ற ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். அதற்கு "கழற்றிப் போட்டது" என்று பெயர் வைக்க எப்படி மனசு வந்தது?

அந்தப் பழுப்புப் பட்டனையாவது மாற்றச் சொல்லி நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். மாற்ற மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வருவேன், அந்த வரியை எழுதியவரும் வருவார் என்று கேள்விப்பட்டேன். போட்டோவையும் நீக்கப்போவதில்லை.