கெஃபலோனியாவைப் பிரித்தது சரி, கோர்ஃபுவைப் பிரித்தது அரைவேலை

கிரீஸின் அயோனியன் தீவுகளில் நகராட்சிகளைச் சேர்த்ததும் பிரித்ததும் பற்றிப் பேசுபவர்கள் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறார்கள். 2011 ஜனவரியில் நகராட்சிகளை ஒன்றிணைக்கும் கல்லிக்ராத்திஸ் திட்டம் அமலானபோது நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேலிருந்த உள்ளாட்சிகள் 325 ஆகின. அதில் அயோனியன் தீவுகள் பிராந்தியத்துக்கு ஏழு. 2019-இல் கோர்ஃபுவும் கெஃபலோனியாவும் தலா மூன்றாக உடைய, ஏழு பதினொன்றானது. சரி, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது?

கெஃபலோனியாவில் நியாயம் இருந்தது. லிக்சூரி தனித் தீபகற்பத்தில் இருக்கும் ஊர். தலைநகர் ஆர்கொஸ்தோலிக்குப் போக ஃபெரி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வளைகுடாவைச் சுற்ற வேண்டும். 2014 நிலநடுக்கங்களில் பலத்த அடி வாங்கியதும் அந்தப் பக்கம்தான். அங்கே ஒரு மேயர் உட்கார்ந்திருப்பது ஆடம்பரமல்ல.

கோர்ஃபு கதை வேறு. அங்கே பெரிய தலைவலி குப்பை. தெம்ப்லோனி கிடங்கு நிரம்பி, தெற்கே லெஃப்கிமி கிடங்கைத் திறக்க அவ்வூரார் எதிர்த்து, 2018-இல் தெருவெல்லாம் மூட்டைகள் குவிந்தன. மறு ஆண்டே தீவை மூன்றாகப் பிரித்தார்கள். இப்போது தெம்ப்லோனி மத்திய நகராட்சியில், லெஃப்கிமி தெற்கில். வடக்கின் குப்பை யார் எல்லைக்குப் போவது? வாரும் லாரியைப் பிரிக்கலாம், கொட்டும் இடத்தைப் பிரிக்க முடியாது. அதைத் தீவு முழுவதற்கும் ஒரே அமைப்பிடம் விட்டுவிட்டுப் பிறகு பிரித்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் ஆள் பற்றாக்குறை. சாலைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ ஐரோப்பிய நிதி கேட்க வேண்டுமென்றால் முதலில் திட்ட வரைவு வேண்டும், அதற்குப் பொறியாளர் வேண்டும். சின்ன நகராட்சியில் அவர் இல்லையென்றால் பக்கத்து நகராட்சியிடம்தான் கையேந்த வேண்டும். அவர்களுக்கு அவர்கள் வேலையே முதல். கெடு தாண்டினால் பணமும் போச்சு.

போதாக்குறைக்கு, 2019 உள்ளாட்சித் தேர்தல் முழு விகிதாசார முறையில், அதாவது வாக்கு விகிதப்படியே மன்ற இடங்கள் என்ற முறையில், நடந்தது. இரண்டாம் சுற்றில் வென்ற மேயருக்கும் மன்றத்தில் பெரும்பான்மை உறுதியில்லை. புதிதாகப் பிறந்த நகராட்சிகள் அந்த நிலையில்தான் தொடங்கின. 2021 சட்டம் அதை மாற்றியது. 43 சதவீதமும் ஒரு வாக்கும் பெற்றால் முதல் சுற்றிலேயே வெற்றி, வென்ற அணிக்கு ஐந்தில் மூன்று பங்கு இடங்கள். 2023 அக்டோபர் தேர்தல் அப்படித்தான் நடந்தது. எனக்கு இது கொஞ்சம் தாராளமாகவே படுகிறது.

இதாக்கா இன்னும் வேடிக்கை. சுமார் 3,000 பேர் வாழும் தீவு. நகராட்சியும் அதுவே, பிராந்திய அலகும் (பிராந்தியத்தின் உட்பிரிவு) அதுவே. குப்பைக்கும் பிறப்புச் சான்றுக்கும் மேயர், ஓட்டுநர் உரிமத்துக்குப் பிராந்திய நிர்வாகம். வெளிநாட்டவரின் வதிவிட அனுமதியோ ஏதென்ஸ் நியமிக்கும் மூன்றாவது நிர்வாகத்தின் கையில். அதன் தலைமையகம் பாத்ராவில், அதாவது இந்தப் பிராந்தியத்துக்கே வெளியே.