ஜெயலலிதாவை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்யவில்லை
"உச்ச நீதிமன்றமே ஜெயலலிதாவை விடுதலை செய்துவிட்டது, அப்புறம் என்ன சொத்துக்குவிப்பு" என்று மேலே எழுதியிருக்கிறீர்களே நண்பரே, அது தப்பு. விடுதலை செய்தது கர்நாடக உயர் நீதிமன்றம், 2015 மே மாதம். அதை உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 14 அன்று ரத்து செய்து, பெங்களூரு தனி நீதிமன்றம் 2014இல் குற்றவாளிகள் என்று சொன்ன தீர்ப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது, அவ்வளவுதான். சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் சிறைக்குப் போனார்கள்.

அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பில் ஜெயலலிதா தரப்பு வாங்கிய கடன்களின் பட்டியல் ஒன்று வரும், முடிந்தால் நீங்களே கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்கள். 10.67 கோடிதான் வரும், தீர்ப்பிலோ 24.17 கோடி! அந்தப் பதிமூன்றரைக் கோடி வருமானத்தில் சேர்ந்ததால்தான் வருமானத்தை மீறிய சொத்து அந்த வருமானத்தில் 8.12 சதவீதமாகச் சுருங்கி, பொறுத்துக்கொள்ளத்தக்க பத்து சதவீதத்துக்குள் இருக்கிறது என்று விடுதலை கிடைத்தது. மாதம் 1 ரூபாய் சம்பளம் வாங்கிய முதல்வர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"பழிவாங்கல் வழக்கு" என்கிறீர்கள். சரி, வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனது திமுகவின் அன்பழகன்தான், அரசியல் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 2001இல் ஜெயலலிதா மறுபடி ஆட்சிக்கு வந்த பிறகு, ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், பெரும்பாலானவர்கள் பல்டி அடித்தார்கள், அரசு வழக்கறிஞர் வாயே திறக்கவில்லை. 2003இல் வழக்கு பெங்களூருக்குப் போனது அதனால்தான்.