டஸ்ட் ரிமூவ் பண்ணினாராம்

நேற்று ராத்திரி நாணயம் சேர்ப்பவர்கள் குழுவில், எடிட் செய்த படத்தைப் போட்டு ஒரு பையன் பழைய வெள்ளிக் காசு விற்கப் பார்த்ததையும், நான் கேட்டதும் நடந்த கூத்தையும் முழுசாகத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஸ்க்ரீன்ஷாட் எல்லோரிடமும் இருக்கிறது. என் கமெண்ட் மட்டும்தான் இப்போது அங்கே இல்லை, தூக்கிவிட்டார்கள். சரி, இது என் பக்கம், இங்கே யாரும் தூக்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தச் சைகோன் பியாஸ்தரை, அதாவது வியட்நாம் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் விட்ட அந்த வெள்ளிக் காசை, நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். போன வருஷம் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் பித்தளைச் செம்புகளுக்கும் நடுவில் ஒரு பெரியவர் வைத்திருந்தார். நல்ல சாம்பல் நிறம். உட்கார்ந்திருக்கும் பெண்ணுருவத்தின் முழங்காலுக்குப் பக்கத்தில் சீன வியாபாரி யாரோ அடித்த ஒரு முத்திரை, விளிம்பில் நகம் இடறும் அளவுக்கு ஒரு வெட்டு. விலை படியவில்லை, வந்துவிட்டேன். நேற்று விற்பனைக்குப் போட்ட படத்தில் அதே வெட்டு, அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் காசு மயில் கழுத்து நிறத்தில் ஜொலிக்கிறது, முத்திரை இருந்த இடம் வழவழவென்று கிடக்கிறது. "இங்கே ஒரு முத்திரை இருக்குமே தம்பி" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். வந்த பதில்: "டஸ்ட் ரிமூவ் பண்ணினேன் சார்."

உளி வைத்து அடித்தது தூசியாம்!

நான் சொல்வது ஒன்றுதான். விற்கப் போடும் படத்தில், வாங்குகிறவன் கைக்கு என்ன வரப்போகிறதோ அது தெரிய வேண்டும். நல்ல விளக்கு போடுங்கள், ஸ்டாண்ட் வையுங்கள், பின்னணியை வெட்டுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. காசில் இருப்பதை அழிக்காதீர்கள், இல்லாததைச் சேர்க்காதீர்கள். இதைச் சொன்னதற்குத்தான் இவ்வளவு ஏச்சு.

புதிதாக வந்தவர்களுக்காக: இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்கள் புழங்கவிட்ட வெள்ளி நாணயம் இந்தப் பியாஸ்தர். எடை 27 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி என்று காசிலேயே பொறித்திருக்கும். கைமாறும்போது சீன வியாபாரிகள் வெள்ளி சுத்தமா என்று பார்த்துவிட்டுத் தங்கள் கடை முத்திரையை அதன்மேல் அடிப்பது அன்றைய வழக்கம். முத்திரை விழுந்த காசையே தேடிப்பிடித்துச் சேர்க்கிறவர்களும் உண்டு. ஆனால் சந்தையில் பொதுவாக முத்திரை விழாத காசுக்குத்தான் கூடுதல் விலை. ஆக, விரலால் ஒரு இழுப்பு இழுத்து அழித்தது தூசியை அல்ல, விலை வித்தியாசத்தை.

நம் ஊரில் இந்தக் காசு நிறைய வீடுகளில் இருக்கும். சைகோனுக்கு வேலைக்குப் போன தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் போன பெரியப்பா என்று யாராவது ஒருவர் கொண்டுவந்து பெட்டியில் போட்டிருப்பார். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அம்மாவைப் பெற்ற தாத்தா கொண்டுவந்தது. அம்மா அதை சாமி அறையில் வைத்துத் தீபாவளிக்குத் தீபாவளி விபூதி போட்டுத் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து முகம் முழுக்க மெல்லிய கீறல். இப்போது கேளுங்கள். அதே காசைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தை வளைத்து வைத்து, அதன் வழியாக வெளிச்சத்தைப் பரப்பிப் படம் எடுத்தால் ஒரு கீறல் தெரியாது, நேற்று அச்சடித்த மாதிரி இருக்கும். காகிதத்தை எடுத்துவிட்டு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி வைத்தால் அம்மாவின் கைவேலை அத்தனையும் தெரியும். இரண்டு படத்திலும் எடிட்டிங் கிடையாது. இந்தப் பக்கத்திலேயே இரண்டையும் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

"பார்த்தீர்களா, கேமராவே பொய் சொல்லுது, அப்புறம் எடிட்டிங்கை மட்டும் ஏன் குறை சொல்றீங்க?" என்று அங்கே ஒருவர் ரொம்பப் புத்திசாலித்தனமாகக் கேட்டிருந்தார். பாதி நியாயம். குண்டு பல்பில் வெள்ளி மஞ்சளடிக்கும், டியூப் லைட்டில் வெளிறும். போனே தன் பாட்டுக்குக் கூர்மையைக் கூட்டி எழுத்தோரத்தில் வெள்ளைக் கோடு போட்டுவிடும். அதனால்தான் இரண்டு வெளிச்சத்தில் இரண்டு படம் போடுங்கள், கையில் சாய்த்து ஒரு சின்ன வீடியோ போடுங்கள் என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். போன் தவறு செய்வது வேறு, நீங்கள் உட்கார்ந்து நிறத்தை இழுத்து இழுத்து ஏற்றுவது வேறு.

அந்த மயில் கழுத்து நீலத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளியின் மேல் கந்தகம் சேர்ந்து மெல்லிய படலம் படிகிறது. படலம் தடிக்கத் தடிக்க முதலில் மஞ்சள், அப்புறம் செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று போய்க் கடைசியில் கறுக்கும். வெளிச்சம் படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்புவதால் வரும் நிறம் அது. காசைச் சாய்த்தால் நிறம் மாறும், சில கோணத்தில் காணாமலே போகும். எடிட்டிங் ஆப்பின் ஸ்லைடரில் ஏற்றிய நிறம் எங்கும் நகராது. சாய்த்து வீடியோ கேட்டேன், தரவில்லை. தரவேண்டியதும் இல்லை, ஏனென்றால் அவர் படத்தில் காசுக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியின் மடிப்பும் நீலமாக இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள். துணிக்குமா கந்தகம் ஏறியது?

"எல்லாரும்தான் பண்றாங்க." இதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. தக்காளிக்கு மேலே சிவப்புத் தார்ப்பாய் கட்டி விற்கிறார்கள், காயும் பழமாகத் தெரிகிறது. ஆனால் கையை நீட்டி ஒன்றை வெயிலில் எடுத்துப் பார்க்கலாமே. கூரியரில் வரும் காசை எங்கே எடுத்துப் பார்ப்பது?

"வாங்கறவங்க கேட்டு வாங்க வேண்டியதுதானே." யார் கேட்பது? மஞ்சக்குப்பத்தில் ஒரு தம்பி இருக்கிறான், போன வருஷம்தான் சேர்க்க ஆரம்பித்தான். லில்லிப்பூ போட்ட பழைய பிரெஞ்சுச் செப்புக்காசு ஒன்றை ஆன்லைனில் வாங்கினான். மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்று இருக்குமே, அதுதான். படத்தில் எழுத்தெல்லாம் கடைந்தெடுத்த மாதிரி. வந்த காசில் 'பு' மட்டும் தட்டுத்தடுமாறித் தெரிகிறது, மற்றது வழுக்கை. அந்தப் படத்தை எனக்கு அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தால் கடைசி எழுத்து தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, எந்த நாட்டு எழுத்தும் இல்லை. ஏஐ ஆப் தேய்ந்த இடத்தைத் தானே இட்டு நிரப்பியிருக்கிறது. விற்றவரைக் கேட்டால் "லைட்டிங் அப்படி" என்றாராம். பையன் இப்போது குழுவிலேயே இல்லை. இப்படி இன்னும் ஒருவன் காசு சேர்ப்பதை விட்டுவிட்டான், யாருக்கும் கவலை இல்லை, லைக் மட்டும் நானூறு ஐந்நூறு விழுகிறது.

அடுத்தது, "பெரிசுக்கு எடிட்டிங் தெரியாது, அதான் பொறாமை." இதற்கு ஹாஹா போட்டவர்களில் என் வீட்டுக்கு வந்து காபி குடித்தவர்களும் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். தம்பிகளா, லாஸ்பேட்டையில் நான் ஸ்டூடியோ வைத்திருந்தபோது கம்ப்யூட்டரே கிடையாது. நெகட்டிவில் பென்சில் வைத்துப் பரு அழித்தவன் நான். எங்கே அழித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததே அதனால்தான். "அப்போ நீங்களும் அழிச்சவர்தானே?" என்று ஒரு கூட்டம் வரும். அழித்தேன். அந்த மூஞ்சியை யாரும் கிராம் கணக்குப் பார்த்து விலைக்கு வாங்கவில்லை. பெண் பார்க்க அனுப்பிய போட்டோக்களைப் பற்றிக் கேட்காதீர்கள், அது வேறு விஷயம்.

வெளிநாட்டு ஏலப் படங்களும் பளபளவென்றுதான் இருக்கின்றன என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும். அவர்கள் செய்தால் சரியா?

இந்தப் படங்கள் குழுவோடு நிற்பதும் இல்லை. அப்படியே வாட்ஸ்அப்பில் போகிறது, "உங்கள் வீட்டில் இது இருக்கிறதா, லட்சம் ரூபாய்" என்று கீழே எழுதி வருகிறது. தன் பெயரையும் லோகோவையும் போட்டுப் பழைய நோட்டு, நாணய வியாபாரத்துக்குக் கமிஷன் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. இன்றைக்கும் எதிர்வீட்டு அக்கா மாதம் ஒருமுறை ஐந்து ரூபாய்க் காசைக் கொண்டுவந்து காட்டுகிறார். "அந்தப் படத்துல இருக்கற மாதிரியே இருக்குதே" என்கிறார். எந்தக் காசும் எந்தப் படத்தில் இருப்பது மாதிரியும் இல்லை அக்கா, போங்கள்.

எனக்கு வலித்தது கமெண்டைத் தூக்கியது கூட இல்லை. காசை நடுவில் பிடிக்காதே, விளிம்பில் பிடி, கீழே துணி விரித்துக்கொள், எலுமிச்சை, புளி பக்கமே போகாதே என்று, நேற்று படம் போட்ட அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் லூப்பை, அந்தச் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை, வாங்கித்தான் முதன்முதலாக ஒரு சீன முத்திரையைப் பார்த்தான். அது என்னவென்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தூசி என்கிறான், என்னை 'சார்' என்று வேறு கூப்பிடுகிறான். நேற்று வரைக்கும் மாமா.

அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள். என் கமெண்டைத் திரும்பப் போடவேண்டாம். அந்தப் பதிவில் முத்திரையோடு இருக்கும் உண்மையான படத்தைப் போடச் சொல்லுங்கள், காசு இன்னும் விற்கவில்லை என்று கேள்வி. போட்டுவிட்டு என்ன விலை வேண்டுமானாலும் சொல்லட்டும், அது அவன் இஷ்டம்.

பி.கு: காலையிலிருந்து இன்பாக்ஸில் "உங்க தாத்தா பியாஸ்தர் விற்பனைக்கா, விலை என்ன" என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. கீறல் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்களா?